புதைகுழாய் எவ்வளவு நசுங்கும்? ஈஎன் 1295 கணக்கை எக்செல்லில் போடும் முறை (நான் சறுக்கிய இடத்தோடு)

இங்கிலாந்தின் ஃபென்ஸ் பகுதி. கால் வைத்தால் உள்வாங்குகிற களிமண். அதில் 600 மி.மீ. வெளிவிட்டம் உள்ள பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் ஒன்றைப் புதைக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்து நான் போட்ட முதல் கணக்கில் குழாய் அதன் விட்டத்தில் 1.2 சதவீதம்தான் நசுங்கியது, வரம்போ 6 சதவீதம். சந்தோஷமாக அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். சரிபார்த்தவர் ஓரத்தில் "சுற்றுமண் எங்கே?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். அதைச் சேர்த்துத் திரும்பப் போட்டதும் வந்த விடை 6.03.

அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று புரிய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. உங்களுக்கு அரை மணி நேரத்தில் புரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நெகிழும் குழாய்க்கும் கான்கிரீட் குழாய்க்கும் வித்தியாசம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. புதைகுழாய் வடிவமைப்புக்கான தரநிலை ஈஎன் 1295-1 ஐரோப்பா முழுவதற்கும் பொதுவானதுதான், ஆனால் அதைத் திறந்து ஒரே சூத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. அது பொது விதிகளைச் சொல்கிறது, கணக்குமுறை நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டிஷ் முறைக்கு பிஎஸ் 9295, ஜெர்மனியில் டிடபிள்யூஏ-ஏ 127 (பழைய ஆட்கள் இன்னும் ஏடிவி 127 என்பார்கள்), பிரான்சில் ஃபாசிகுல் 70. ஒன்றில் எடுத்த எண்ணை இன்னொன்றில் போட்டால் சாம்பாரில் பாயசம் ஊற்றிய கதைதான். இங்கே பிரிட்டிஷ் முறை.

படி 1: சுமை

குழாய்க்கு மேல் 2 மீட்டர் மண், கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன். ஆக 40 கிலோபாஸ்கல். வாகனச் சுமை 30 என்று இந்த உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் வேலையில் சாலையின் வகையையும் ஆழத்தையும் பார்த்துச் சுமைக் கிராஃபிலிருந்து எடுங்கள். எல்லாவற்றையும் கிலோபாஸ்கலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மண் விறைப்பு அட்டவணை மெகாபாஸ்கலில் இருக்கும், அப்படியே எக்செல்லில் தட்டினால் குழாய் சப்பாத்தி ஆகிவிடும். (ஆயிற்று.)

படி 2: குழாயின் விறைப்பு

என் குழாய் எஸ்என் 8 (எஸ்என் என்பது குழாயின் விறைப்பு வகுப்பு). எஸ்என் 8 என்றால் 8 கிலோபாஸ்கல், ஆனால் அது புதுக் குழாயின் விறைப்பு. இந்தக் குழாய் செய்யப்பட்ட பாலிஎத்திலீன் வருடக்கணக்கில் சுமை தாங்கத் தாங்கத் தளரும். அதனால் நீண்டகாலத்துக்கு நாலில் ஒரு பங்கு, அதாவது 2 எடுத்தேன். பிவிசி இவ்வளவு தளராது.

படி 3: மண்ணின் விறைப்பு. நான் விழுந்த குழி இதுதான்

நெகிழும் குழாய் தன் பலத்தில் நிற்பதில்லை. மேலே அழுத்தும்போது பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும், பக்கத்து மண் பிடித்துக்கொள்ளும். ஐயோவாவில் ஸ்பாங்லர் 1941-இல் வெளியிட்ட சூத்திரத்தின் சாரமே இந்தப் பிடிமானம்தான். அதைக் குறிக்கும் எண்ணுக்குத்தான் ஈ-பிரைம் என்று பெயர்.

குழாயைச் சுற்றி நன்றாகக் கெட்டித்த சரளைக்கு நான் 10 மெகாபாஸ்கல் எடுத்து, நேராகச் சூத்திரத்தில் போட்டேன். தப்பு. சரளை பள்ளத்துக்குள் மட்டும்தானே இருக்கிறது? பள்ளத்தின் சுவர் தோண்டாத பழைய களிமண், அதன் விறைப்பு 1 மெகாபாஸ்கல்தான். குழாய் சரளையைத் தள்ள, சரளை களிமண்ணைத் தள்ள, களிமண் வழிவிட்டுவிடும். சோபாவுக்குப் பின்னால் சுவர் இல்லாமல் சாய்ந்த மாதிரி.

இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக்க லியோன்ஹார்ட் குணகம் இருக்கிறது. பள்ள அகலத்தைக் குழாயின் வெளிவிட்டத்தால் வகுத்தால் வருவது "அ". சரளையின் விறைப்பைச் சுற்றுமண்ணின் விறைப்பால் வகுத்தால் வருவது "ஆ". அப்புறம்:

குணகம் = (0.985 + 0.544 × அ) ÷ [(1.985 − 0.456 × அ) × ஆ − (1 − அ)]

கடைசியில் இருக்கும் அடைப்பைக் கவனியுங்கள். அ எப்போதும் 1-க்கு மேல் என்பதால் (1 − அ) எதிர்மறை, அதைக் கழித்தால் கூடும். எக்செல்லில் அடைப்பை விட்டுவிட்டால் விடை எங்கேயோ போகும். சோதிக்க எளிய வழி: ஆ-வுக்கு 1 கொடுங்கள், அகலம் எதுவானாலும் குணகம் 1 வர வேண்டும்.

என் பள்ளம் 1.2 மீட்டர், அதனால் அ = 2, ஆ = 10. மேலே 2.073, கீழே 11.73, குணகம் 0.177. அதாவது நான் 10 என்று நம்பிய விறைப்பு உண்மையில் 1.77 மெகாபாஸ்கல்.

படி 4: நசுங்கல்

மேலே: 0.083 × (1.5 × 40 + 30) = 7.47. இதில் 0.083 குழாய்க்குச் சுற்றிலும் சரளை இருக்கும்போது வரும் படுகைக் குணகம், 1.5 காலப்போக்கில் மண் மேலும் அமர்வதற்காக நான் எடுத்தது. கீழே: 8 × 2 + 0.061 × 1,770 = 124 (2 குழாயின் விறைப்பு, 1,770 மண்ணுடையது; 8-உம் 0.061-உம் சூத்திரத்தின் மாறிலிகள், இந்த 8 எஸ்என் 8 அல்ல). வகுத்தால் 6.03 சதவீதம். ஃபெயில்.

கீழே உள்ள 124-இல் குழாயின் பங்கு வெறும் 16, மீதி 108 மண்ணுடையது. இதைப் பார்த்த பிறகுதான், நாம் கடையில் வாங்குவது குழாயின் பாதிதான், மறுபாதியைச் சைட்டில் கட்டுகிறோம் என்பது எனக்கு உறைத்தது.

சரி, எப்படிப் பாஸ் ஆக்குவது? என் முதல் யோசனை, சரளையை இன்னும் கெட்டித்து 14 ஆக்குவது. போட்டுப் பார்த்தால் 5.9 சதவீதம். கலந்த விறைப்பு 1.77-லிருந்து 1.81-க்குத்தான் போனது, அவ்வளவு உழைப்பும் களிமண்ணில் கரைந்த பெருங்காயம். எஸ்என் 16 குழாய் வாங்கினால் 5.3. பள்ளத்தை 1.8 மீட்டராக அகலப்படுத்தினால்? 3.5! மென்மையான மண்ணில் காசைக் குழாயில் போடாமல் பள்ளத்தில் போடுங்கள் என்பது என் கட்சி.

ஒன்று மட்டும், பக்கத்தில் வீட்டு அஸ்திவாரம் இருந்தால் அகலப்படுத்தும் முன் நில்லுங்கள். அஸ்திவாரத்தின் அடி ஓரத்திலிருந்து கீழ்நோக்கி 45 டிகிரியில் கோடு போட்டு, பள்ளம் அதற்குள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஜியோடெக்னிகல் ஆளை (மண் பொறியாளரை) கூப்பிடுங்கள்.

படி 5: பக்லிங்

பக்லிங் என்றால் அழுத்தத்தில் குழாய்ச் சுவர் திடீரென உள்ளே மடங்குவது. அதைத் தாங்கும் அழுத்தம்: 0.6 × (குழாய் விறைப்பின் மூன்றில் ஒரு அடுக்கு) × (மண் விறைப்பின் மூன்றில் இரண்டு அடுக்கு). முழுச் சுமையான 70-ஐ நீண்டகால விறைப்போடு ஒப்பிட்டேன், கொஞ்சம் கடுமையான வழிதான். 1.2 மீட்டர் பள்ளத்தில் பாதுகாப்புக் காரணி சுமார் 1.6, தேவை 2. 1.8 மீட்டரில் 2.3-ஐத் தாண்டிவிட்டது.

இதற்கெல்லாம் கம்பெனிகள் இலவசமாகத் தரும் சாஃப்ட்வேர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க நல்லது. ஆனால் முதல் முறை எக்செல்லில் கையால் போடுங்கள். நான் பயன்படுத்திய ஒன்றில் சுற்றுமண் விறைப்புக்கான பெட்டி "மேம்பட்ட அமைப்புகள்" என்பதற்குள் ஒளிந்திருந்தது, முன்கூட்டியே நிரப்பியிருந்த எண் சரளையுடையதேதான்.

பின்சேர்க்கை 1: "நிலத்தடி நீர் தரைமட்டம் வரை இருந்தால் குழாய் மிதக்காதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் விட்டுவிட்ட விஷயம். இது யூரோகோட் 7 என்ற ஐரோப்பிய மண்சார் வடிவமைப்புத் தரநிலையின் மேலுதைப்புச் சோதனை. காலியான குழாயை நீர் மீட்டருக்கு 2.77 கிலோநியூட்டன் மேலே தள்ளும், பிரிட்டிஷ் தேசிய இணைப்பின்படி 1.1-ஆல் பெருக்கினால் 3.05. பிடித்து வைக்கும் மண்ணை 0.9-ஆல் பெருக்க வேண்டும். நீரில் மூழ்கிய மண்ணுக்குக் கன மீட்டருக்கு 10 கிலோநியூட்டன், அகலம் 0.6 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்றால் 10.8. தாராளமாகப் பாஸ். ஆபத்து வேலை நடக்கும்போதுதான். சுமார் 0.57 மீட்டர் மண் மேலே விழும் வரை பள்ளத்து நீரை இறைக்கும் பம்பை நிறுத்தக் கூடாது, அந்த எண்ணை வரைபடத்திலேயே குறிப்பாக எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: சைட்டில் இருக்கும் ஒருவர் எழுதியது இதைவிட முக்கியம். டிரெஞ்ச் பாக்ஸ் (பள்ளத்தின் சுவர் சரியாமல் தாங்கும் பெட்டி) வைத்துச் சரளையைக் கெட்டித்துவிட்டுக் கடைசியில் பெட்டியை உருவினால், பலகையின் தடிமன் அளவுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விழும், கெட்டித்த சரளை அதற்குள் சரியும், நீங்கள் எடுத்த 10 காணாமல் போகும். ஜெர்மன் முறை பெட்டியை எப்படி உருவுகிறார்கள் என்பதற்கே தனித்தனி வகை வைத்திருக்கிறது. என் ஷீட்டில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அதனால் இப்போது பெட்டியைக் கொஞ்சம் தூக்கி, அந்த அடுக்கைக் கெட்டித்து, மறுபடி தூக்க வேண்டும் என்று வரைபடத்தில் எழுதுகிறேன். சைட்டில் செய்ய மாட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் சரளைக்கு 10-க்குப் பதில் 5 போட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன்.