‘அமைப்பு, உ. சு.’: துணைநூற்பட்டியல் செயலி கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலக சுகாதார அமைப்பின் அறிக்கையை யாராவது துணைநூற்பட்டியலில் ‘அமைப்பு, உ. சு.’ என்று போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஆங்கில ஆய்வேடுகளில் இந்தக் கூத்து நடப்பதுண்டு. பழி எழுதியவர் தலையில் விழும். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி அவர் தகவலை உள்ளிட்ட திரைதான். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்து, இரண்டையும் கட்டாயமாக்கியிருப்பார்கள்.

நம் ஆட்களுக்கு அதிகம் வலிக்கும் தவறும் இதுவே. புதுமைப்பித்தனுக்குக் குடும்பப்பெயர் ஏது? உ. வே. சாமிநாதையர் எப்படியோ தப்பித்துக்கொள்வார்: தலைப்பெழுத்து ஒரு கட்டத்தில், பெயர் மறு கட்டத்தில் உட்கார்ந்துவிடும். தலைப்பெழுத்தைப் பின்னால் போடும் ‘முருகன் எஸ்.’ எஸ் வரிசைக்குப் போய்ச் சேர்வார். துணைநூல்களைச் சேகரிக்க உதவும் ஸோட்டெரோ செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். மேற்கோள் நடைகளை விவரிக்கும் கணினி மொழியான சிஎஸ்எல்லிலும் பெயரைப் பிரிக்காமல் வைக்க ‘லிட்டரல்’ என்ற இடம் உண்டு. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அடுத்தது, வாசலிலேயே இருபது கட்டப் படிவத்தை நீட்டுவது. நானும் முதலில் அப்படித்தான் கட்டினேன். ‘கட்டாயம்’ என்று சிவப்பில் மிரட்டியதால், தலைப்பை மட்டும் நிரப்பிவிட்டு மற்றவற்றில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். முதல் திரைக்கு ஒரே பெட்டி போதும்: டிஓஐயோ (ஆய்வுக்கட்டுரையின் அடையாளக் குறி) ஐஎஸ்பிஎன்னோ (நூலின் அடையாள எண்), எதை ஒட்டினாலும் வாங்கிக்கொள்ளட்டும். ஒட்டுவது சுத்தமாக வராது. முன்னால் இணைய முகவரி, பின்னால் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி, நடுவில் பிடிஎஃப் உடைத்த வரி எல்லாம் சேர்ந்தே வரும். அதைத் துடைப்பது நிரலின் வேலை. 2007-க்கு முந்தைய 10 இலக்க ஐஎஸ்பிஎன்னின் கடைசியில் எக்ஸ் எழுத்து வரலாம். எண்களை மட்டும் ஏற்கும் கட்டம் அதை விழுங்கிவிடும். டிஓஐக்குரிய விவரங்களைத் தரும் கிராஸ்ரெஃப்பிலிருந்து வரும் விவரத்திலும் பிழை இருக்கும். பயனர் கையால் திருத்தியதை அடுத்த புதுப்பிப்பில் அழித்துவிடாதீர்கள்.

இரட்டைப் பதிவுகள் விஷயத்தில் அவசரம் ஆகாது. டிஓஐயில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. அப்படியே ஒப்பிட்டால் ஒரே கட்டுரை இரண்டாகத் தெரியும். ஐஎஸ்பிஎன்னில் நிலைமை தலைகீழ். ஒரு தொகுப்பு நூலில் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தால் பன்னிரண்டு கட்டுரைகளுக்கும் அதே எண்தான். எண் ஒன்றுதானே என்று தானாக இணைக்கும் நிரல் பதினொரு கட்டுரைகளைத் தின்றுவிடும். இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிக் கேளுங்கள், இணைத்த பிறகு பிரிக்கவும் வழி வையுங்கள்.

ஆண்டு கேட்கும் இடத்தில் நாள், மாதத்தோடு நாட்காட்டி வைப்பவர்களை என்ன சொல்வது! நூலுக்குப் பெரும்பாலும் ஆண்டு மட்டும்தான் இருக்கும். பழைய தமிழ் நூலின் முகப்பில் ‘பிரபவ’ என்ற வருடப் பெயர் மட்டுமே இருந்தால், 60 வருடச் சுற்றில் அது 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம். சித்திரையில் தொடங்குவதால் மறு ஆங்கில ஆண்டின் முதல் மாதங்களும் அதில் அடங்கும். அச்சில் உள்ளதற்கு ஓர் இடமும், நாம் கணித்ததற்கு இன்னோர் இடமும் வேண்டும்.

தேடலில் ஒரு கண்ணாமூச்சி இருக்கிறது. ‘கொற்கை’யின் முதலெழுத்தில் உள்ள ஒகரத்தை ஒற்றைக் குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றாவிட்டால், இருக்கும் நூலை இல்லை என்று சொல்லும். வரிசையிலும் இதே கதை. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண வரிசைப்படுத்தல் கனகசபையைக் கபிலனுக்கு முன்னால் நிறுத்தும், ஏனென்றால் யூனிகோடில் னகரம் பகரத்துக்கு முந்தியது. மொழிக்கேற்ப வரிசைப்படுத்த ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டல் கொலேட்டரைத் தமிழுக்கு அமைத்தால் கபிலன் தன் இடத்துக்கு வருவார்.

மேற்கோளை ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்று பிரித்து வைக்காமல் அலங்கரித்த வரியாகவே சேமிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆய்விதழ் மாறினால் நடையும் மாறும். சிஎஸ்எல் களஞ்சியத்தில் மட்டும் 10,000-க்கு மேற்பட்ட நடைகள் இருக்கின்றன.

கண்ணில் படாமல் கழுத்தறுப்பது பதிவின் சாவி, அதாவது ஒவ்வொரு நூலையும் குறிக்கும் சுருக்கப் பெயர். ஆய்வேடுகளை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கில் எழுதுபவர் ஆய்வேடு முழுக்க அந்தச் சாவியைத்தான் தட்டியிருப்பார். தலைப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியதும் உங்கள் செயலி புதுச் சாவி செய்தால், மறுமுறை தொகுக்கும்போது மேற்கோள்கள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி நிற்கும். ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை நீக்கிவிட்டுச் சாவி செய்யும் நிரலில் தமிழ் ஆசிரியர் பெயரே காணாமல் போய், ‘1956’ என்ற வெறும் எண் மிஞ்சும். அதே ஆண்டில் வந்த அடுத்த நூலுக்கும் அதே சாவி. ஒருமுறை ஏற்றுமதியான சாவியைத் தொடாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் பழையதும் வேலை செய்யட்டும். லேடெக்கின் துணைநூற்பட்டியல் தொகுதியான பிப்லேடெக்கில் அதற்கென்றே ‘ஐடிஸ்’ என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.