கலிஃபோர்னியாவில் நலோக்சோன்: வாங்கும் முறை, கொடுக்கும் முறை

நான் கலிஃபோர்னியாவில் மருந்தாளுநர். ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டனில், சில கடும் வலிமருந்துகள்) அளவு மீறி மூச்சு நிற்கும் நிலைக்குப் போனவரை மீட்கும் மருந்துதான் நலோக்சோன். "இதை வாங்கினால் என் மகனைத் தவறாக நினைப்பீர்களா?" என்று ஒரு தாய் குரலைத் தாழ்த்திக் கேட்டார். மாட்டேன் அம்மா, தயங்காமல் வாங்குங்கள். 4 மில்லிகிராம் மூக்குத் தெளிப்பானுக்கு 2023 முதல் மருந்துச் சீட்டே வேண்டாம். 'கால்ஆர்எக்ஸ்' என்ற மாநிலத் திட்டம் இரண்டு தெளிப்பான்களை 24 டாலருக்குக் கொண்டுவந்தது.

ஓபியாய்டு எடுத்த ஒருவர் உலுக்கியும் எழாமல், உதடு நீலம் பாய்ந்து, மூச்சு தேய்ந்து கிடந்தால் உடனே 911 என்ற அவசர எண்ணை அழையுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைப் பின்னால் சாயுங்கள். உங்கள் விரல்கள் மூக்கைத் தொடும்வரை நுனியை ஒரு நாசியில் நுழைத்து, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். முன்கூட்டி அழுத்திச் சோதிக்கவே கூடாது; உள்ளே ஒரு வேளை மருந்துதான் இருக்கிறது. பிறகு 5 வினாடிக்கு ஒருமுறை வாய்வழி மூச்சு கொடுங்கள். 2, 3 நிமிடத்தில் பலனில்லையென்றால் மறு நாசியில் இரண்டாவது தெளிப்பானை அழுத்துங்கள்.

வழக்கு வருமோ என்று அஞ்சாதீர்கள். பயிற்சி பெற்று, கவனத்தோடும் நல்லெண்ணத்தோடும் கொடுப்பவரை 2014 முதல் மாநிலச் சட்டம் காக்கிறது. ஆகவே வாங்கும்போதே செய்முறையைக் கேட்டுப் பழகுங்கள்.

மருந்தின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் தணியும். மூச்சு மீண்டும் நிற்கலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை அருகிலேயே இருங்கள்.