கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால்: பள்ளியை மாற்ற வரும் தலைமையாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசுப் பள்ளிக்கு நல்ல தலைமையாசிரியர் ஒருவர் வந்தால் மூன்று மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். சுற்றுச்சுவர் வெள்ளையடிக்கப்படும், கழிப்பறையில் தண்ணீர் வரும், காலை வழிபாடு நேரத்துக்குத் தொடங்கும். எல்லாம் தேவைதான். ஆனால் இத்தனை உழைப்புக்குப் பிறகும் பல பள்ளிகளில் ஒன்று மட்டும் மாறுவதில்லை. படிப்பை விடுகிற பிள்ளைகளும், தமிழைக் கூட்டிப் படிக்கத் திணறியபடியே ஒன்பதாம் வகுப்புக்கு வந்து நிற்கிற பிள்ளைகளும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். பத்து வருடத்துக்கு முன்னால் எந்தத் தெருவோ, பெரும்பாலும் அதே தெருதான்.

தலைமையாசிரியருக்கு அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. யாருக்கு எந்த ஆசிரியர், சிறப்பு வகுப்பு எத்தனை மணிக்கு, பெற்றோர் கூட்டம் எந்த நாளில், எதைக் கணக்கில் எடுக்கிறோம் என்கிற அன்றாட வழக்கங்கள்தான் ஒரு பிள்ளையைப் பள்ளியில் நிறுத்துகின்றன, அல்லது மெல்ல வெளியே தள்ளுகின்றன. அந்த வழக்கங்களைத் தொடாமல் எல்லோரிடமும் அன்பாக இருந்தால் போதும் என்று நினைப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் வருகின்றன.

தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்ப்பது

இதுதான் ஆகப் பெரிய தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொதுத்தேர்வு முடிவு வந்ததும் மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் கேட்கப்படுவது ஒரே கேள்வி: எத்தனை சதவீதம்? நூறு வாங்கிய பள்ளிக்குப் பாராட்டு, குறைந்த பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். இந்த அழுத்தத்தில் சில பள்ளிகள் என்ன செய்கின்றன என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் "இவன் தேற மாட்டான், வேற ஸ்கூல் பாத்துக்குங்க" என்று டி.சி.யைக் கையில் கொடுப்பது. தனித்தேர்வராக எழுதிக்கொள்ளச் சொல்வது. நீண்ட நாள் வரவில்லை என்று பெயரை எடுத்துவிடுவது.

ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் 70 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழியில் உதிர்ந்தவர்கள் போகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியது 52 பேர். 52 பேரும் தேர்ச்சி. வாசலில் தொங்கும் பேனரில் நூறு சதவீதம். ஆனால் அந்தப் பள்ளியை நம்பி வந்த 70 பேரில் 18 பேர் எங்கே? சிலர் வேறு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். மற்றவர்கள் பனியன் கம்பெனியிலோ, செங்கல் சூளையிலோ, மாமியார் வீட்டிலோ இருக்கலாம். பேனரில் இருக்கும் எண் அவர்களைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

ஆகவே கணக்கை ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இதே பள்ளியிலோ வேறு பள்ளியிலோ பத்தாவது முடித்தார்கள் என்று பாருங்கள். எமிஸ் என்கிற கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம் வந்த பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் இருக்கிறது, போன இடத்தைத் தேடிப் பார்க்க முடியும். அந்தப் பட்டியலை ஆண், பெண், வகுப்பு, குடியிருப்பு வாரியாகப் பிரித்துப் போட்டால் எந்த ஊர்க் குழந்தைகள் எந்த வகுப்பில் உதிர்கிறார்கள் என்பது ஒரே தாளில் தெரிந்துவிடும். மொத்தச் சராசரியில் அது தெரியவே தெரியாது.

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே வச்சிருக்கோம்"

மாலை நாலரைக்கு மேல் சிறப்பு வகுப்பு. எல்லோருக்கும் பொது, யாரையும் ஒதுக்கவில்லை. ஆனால் யாரால் இருக்க முடிகிறது? உள்ளூரில் வீடு இருக்கிற பிள்ளையால் முடியும். இலவச பஸ் பாஸை நம்பி ஏழெட்டு கிலோமீட்டரிலிருந்து வரும் பெண் பிள்ளைக்கு அந்த அரசுப் பேருந்தை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான், சில ஊர்களுக்கு அதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கைக்குச் சோறாக்க வேண்டிய பிள்ளையும், ஆட்டை ஓட்டி வர வேண்டிய பையனும் உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே "ஆர்வமில்லை" என்று எழுதப்படுகிறது. அந்த ஒரு சொல்லில் பேருந்து நேரம் பிள்ளையின் குணமாகிவிடுகிறது.

அந்த வகுப்பைக் காலை வழிபாட்டுக்கு முன்னாலோ பள்ளி நேரத்துக்குள்ளோ கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பணிமனை மேலாளருக்குப் பேருந்து நேரத்தை மாற்றக் கேட்டு மனு கொடுங்கள். ஊராட்சித் தலைவரின் கையெழுத்தோடு போகும் மனுவுக்கு மதிப்பு உண்டு.

செக்ஷன் பிரிப்பதும் இதே கதைதான். மார்க் வாங்குகிறவர்களை ஒரு செக்ஷனில் போட்டு, அனுபவமுள்ள ஆசிரியர்களை அங்கே அனுப்பிவிட்டு, மற்ற செக்ஷனைத் தற்காலிக ஆசிரியரிடம் விடும் பள்ளிகள் இருக்கின்றன. ஆங்கில வழிப் பிரிவு, தமிழ் வழிப் பிரிவு என்று பிரியும் இடங்களிலும் பல நேரம் இதுவே நடக்கிறது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவாகக் கொடுக்கிற ஏற்பாடு இது. ஆறாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் வந்திருக்கும் பதினைந்து பிள்ளைகளிடம் பள்ளியின் மிகத் திறமையான தமிழாசிரியரை அனுப்பிப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் டி.சி. கொடுக்க வேண்டிய நிலையே வராது.

சான்றிதழைப் பெற்றோர் பாடு என்று விடுவது

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்வான பிள்ளைக்கு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு அது சாதாரணத் தொகை இல்லை. ஆனால் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நாள், தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாள் என்று அலைந்தால் அத்தனை நாள் கூலியும் போகும்.

இருளர் குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை நடக்க வேண்டும். பெற்றோரிடமே சான்றிதழ் இல்லையென்றால் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாடு. இதற்கிடையே சூளை வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டால் விசாரணைக்கு வரும்போது வீடு பூட்டியிருக்கும். பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக் விண்ணப்பம் போடும்போதுதான் சான்றிதழ் இல்லை என்பதே தெரியவருகிறது. அந்த ஜூன் மாதத்தில் ஒன்றும் செய்ய முடியாது. ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே யாரிடம் எந்தச் சான்றிதழ் இல்லை என்று பட்டியல் எடுத்து, பள்ளியே விண்ணப்பத்தைப் பதிவு செய்து, கோட்டாட்சியருக்குக் கடிதம் எழுதி, அப்புறம் விடாமல் பின்தொடர்ந்தால் ஐந்து வருட அவகாசம் கிடைக்கும்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இருந்தால் சாதி இல்லை என்று நினைப்பது

"எங்க ஸ்கூல்ல அதெல்லாம் இல்லீங்க" என்ற பதிலை நம்பிவிடக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தொடர்பான பத்தி கூடாது, வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகரவரிசையில் இருக்கை என்று அதில் சொன்னவற்றில் பல, வகுப்பறைக்குள் நடக்கும் சின்னச் சின்ன வழக்கங்களைப் பற்றியவை. சின்ன வழக்கங்கள் கொலைவெறி வரைக்கும் இட்டுச்செல்கின்றன என்பதுதான் காரணம்.

ஒரு தலைமையாசிரியர் கண்ணால் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். மதிய உணவு இடைவேளையில் யார் யாரோடு உட்காருகிறார்கள்? தண்ணீர் பிடிக்க, விளக்குமாறு எடுக்க யார் பெயர் முதலில் வாயில் வருகிறது? ஆண்டு விழாவில் வரவேற்பதும் நன்றி சொல்வதும் எப்போதும் அதே நான்கைந்து வீட்டுப் பிள்ளைகளா? வகுப்பு வேலைகள் எல்லாவற்றையும் சுழற்சி முறையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கழிப்பறையைச் சுத்தம் செய்யும் வேலை எந்தப் பிள்ளைக்கும் கூடாது. ஆள் இல்லையென்றால் ஊராட்சியிடம் கேட்டு வாங்க வேண்டும், மாணவரிடம் அல்ல.

பள்ளி மேலாண்மைக் குழுவைக் கையெழுத்துக்கு வைத்துக்கொள்வது

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி எஸ்.எம்.சி. எனப்படும் இந்தக் குழுவின் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய பங்கு உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியதும் அந்தக் குழுதான். பல இடங்களில் தீர்மானம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும், தலைவராக இருக்கும் அம்மாவிடம் கையெழுத்து மட்டும் வாங்கப்படும். கூட்டம் வேலை நாள் மதியம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். நேரத்தை அவர்களைக் கேட்டு வையுங்கள். நீங்கள் பேசுவதற்கு முன் அவர்களைப் பேச விடுங்கள். "ஏம்மா, உங்க பிள்ளை எதனால ரெண்டு நாளா வரல?" என்ற கேள்விக்கு வரும் பதிலில் ஒரு வருடத் திட்டம் இருக்கும்.

எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வது

பசியோடு வரும் பிள்ளைக்குத் தன் கைக்காசில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்த ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் எப்போதும் இருந்தார்கள். அவர்களை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் அவர்கள் மாற்றலாகிப் போனதும் அந்தப் பிள்ளை மறுபடி பசியோடுதான் உட்கார்ந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இப்போது யார் தலைமையாசிரியராக இருந்தாலும் அந்த உப்புமா வரும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் கிடைத்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அப்படித்தான், தனியொருவரின் நல்ல மனசை நம்பி நிற்கவில்லை.

ஒரு பள்ளிக்குள்ளும் இதையே செய்ய முடியும். பேருந்துக்கு ஏற்ப வகுப்பு நேரம், ஆறாம் வகுப்புக்கு மூத்த ஆசிரியர், சான்றிதழ் பட்டியல், வேலைச் சுழற்சி எல்லாவற்றையும் எஸ்.எம்.சி. தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக்குங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து தொடரும் அந்தப் பெயர்ப் பட்டியலைத் தனிப் பதிவேடாக வைத்து, மாற்றல் உத்தரவு வந்ததும் சாவிக்கொத்தோடு சேர்த்து அடுத்தவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். பட்டியலின் ஒரு பிரதி எஸ்.எம்.சி. தலைவரிடமும் இருக்கட்டும். புதிதாக வருகிறவர் மறந்தாலும் கேட்பதற்கு ஊரில் ஆள் இருப்பார்கள்.