கல்குவாரித் தண்ணீர் கிணற்றில் கலந்தால்: பசுமைத் தீர்ப்பாயத்துக்கு நாமே மனு எழுதுவது எப்படி?

மழை விட்ட மறுநாள் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் சாம்பல் கரைத்த மாதிரி இருந்தது. மேட்டுக் குவாரியின் கிரஷர் தூள் ஓடை வழியாக இறங்கியிருந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்துதான் சென்னையில் இருக்கும் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் நீதிமன்றம் மாதிரி) வக்கீல் வைக்காமல் நானே மனு போட்டேன். பட்டா எடுப்பது, குறைதீர் நாளில் மனு கொடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் மாட்டிக்கொண்ட இடங்களைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். குவாரிக்காரர் அலட்சியமாக இருந்தார் என்று நிரூபிக்க மெனக்கெடாதீர்கள். 2010 பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைப் பின்பற்றச் சொல்கிறது. ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் ரசாயன ஆலைக் கழிவால் கிணறுகள் கெட்ட வழக்கில், அபாயகரமான தொழில் செய்பவர் "நான் கவனமாகத்தான் இருந்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. குவாரிக் குழியின் தண்ணீர்தான் நம் கிணற்றுக்கு வந்தது என்று காட்டுவதுதான் நம் வேலை.

(இந்த வகைப் பொறுப்புக்கு மூலமான 1868ஆம் வருஷத்து இங்கிலாந்து வழக்கு, ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர், சுரங்கத்தைப் பற்றியதுதான். ஒரு மில் முதலாளியின் நீர்த்தேக்கத் தண்ணீர் கைவிட்ட சுரங்கக் குழிகள் வழியாகப் போய்ப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. அன்று வழக்குப் போட்டவரே சுரங்கக்காரர்!)

படி 1: தேதியைக் குறியுங்கள்

தண்ணீர் கெட்டதை முதன்முதலில் பார்த்த தேதியை எழுதி வையுங்கள். தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்கீழ், அதாவது பொதுவான சுற்றுச்சூழல் தகராறாக, மனு போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். ஓர் அலுவலகத்தில் "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்றதை நம்பி ஒன்பது மாதம் ஓட்டிவிட்டேன். நாம் மனு கொடுத்துக்கொண்டே இருந்தாலும் அந்தக் கெடு நிற்பதில்லை.

தப்பித்தது 15ஆவது பிரிவால். இழப்பீடு, கெட்ட சொத்தையும் சுற்றுச்சூழலையும் மீட்டுத் தருவது ஆகியவற்றைக் கேட்க 5 வருஷம் அவகாசம் உண்டு. கிணற்றைச் சுத்தப்படுத்தித் தர வேண்டும், ஓடையில் படிந்த தூளை அள்ள வேண்டும், பயிர் நஷ்டம் தர வேண்டும் என்று அந்தப் பிரிவில்தான் கேட்டேன்.

படி 2: அவர்கள் கையெழுத்துப் போட்ட காகிதம்

குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக்கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை (இயங்குவதற்கான ஒப்புதல்) இரண்டும் இருக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடுங்கள். இசைவாணைக்கும் ஆய்வு அறிக்கைகளுக்கும் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குழியைச் சுற்றி வடிகால் வெட்டுவது, வண்டல் படியத் தொட்டி கட்டுவது போன்ற நிபந்தனைகள் அனுமதிக் கடிதத்தில் இருக்கும். நிபந்தனைகளை நிறைவேற்றியதாக வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், அவர்கள் அறிக்கை தர வேண்டும். "தொட்டி உள்ளது" என்று அறிக்கை சொல்லி, உங்கள் போட்டோவில் தொட்டியே இல்லையென்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 3: தண்ணீர் வந்த வழி

புலப்படத்தை (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள நில அளவை வரைபடம்) இணையத்திலேயே எடுக்கலாம். குவாரியின் சர்வே எண்ணிலிருந்து உங்கள் சர்வே எண் வரை ஓடை போகும் புலங்களை வரிசையாக எடுத்து, ஓடையை நீலத்தில் வரையுங்கள். சரிவைக் காட்டக் கூகுள் எர்த்தின் கம்ப்யூட்டர் பதிப்புதான் என் தேர்வு. கோடு இழுத்தால் மேடு பள்ளத்தை வரைபடமாகவே தருகிறது, பழைய வருஷப் படங்களும் கிடைக்கும். போட்டோவை இடமும் நேரமும் பதியும் கேமரா செயலியில் எடுங்கள். மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளிருக்கும் தேதி, இடத் தகவல் போய்விடும்.

படி 4: தண்ணீர் மாதிரி

நான் சறுக்கியது இங்கேதான். முதல் தடவை ஒரே ஒரு கேனில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் "குடிநீர் டெஸ்ட்" என்று கேட்டேன். கலங்கல் மட்டும் அதிகம், மற்றபடி பரவாயில்லை என்று அறிக்கை வந்தது. எதிர்த்தரப்புக்கு நானே சாட்சி தேடிக் கொடுத்த கதை!

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. கல்தூள் தண்ணீரில் கரைவதில்லை, மிதக்கிறது. பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும். அதை வாங்கவே வாங்காதீர்கள். நாம் கேட்க வேண்டியது டிஎஸ்எஸ், அதாவது மிதக்கும் திடப்பொருள். ஆறு, ஓடை போன்ற நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்குப் பொது வரம்பு லிட்டருக்கு 100 மில்லிகிராம். கூடவே பிஎச், எண்ணெய்ப் பசை, நைட்ரேட் மூன்றையும் கேளுங்கள். வெடி மருந்தில் அம்மோனியம் நைட்ரேட் இருப்பதால் குவாரித் தண்ணீரில் நைட்ரேட் ஏறலாம். குடிநீருக்கு வரம்பு 45 மில்லிகிராம்.

"நைட்ரேட் நீங்கள் போட்ட யூரியாவிலிருந்து வந்தது" என்பார்கள், நிச்சயம். அதனால் ஒரே நாளில் மூன்று இடத்தில் பிடியுங்கள்: குவாரித் தண்ணீர் கலப்பதற்கு மேலே ஓடையில், அது கலக்கும் இடத்தில், கீழே உங்கள் கிணற்றில். மேலே சுத்தம், கீழே கலங்கல் என்றால்தான் வழக்கு நிற்கும். புதுக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, முழுக்க நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேபில் கொடுங்கள். எண்ணெய்ப் பசைக்கும், உலோகங்களையும் பார்ப்பதானால் அதற்கும், பாட்டிலை லேபிலேயே வாங்குங்கள், அமிலம் விட்டுத் தருவார்கள். அதை மட்டும் அலசாதீர்கள். கேனில் ஒட்டும் சீட்டில் இடம், தேதி, நேரத்தோடு இரண்டு ஊர்க்காரர்கள் கையெழுத்தும் இருக்கட்டும். லேப் என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பாருங்கள்.

வாரிய அதிகாரிகள் 1974 தண்ணீர்ச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி எடுக்கும் மாதிரி வேறு. ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, சீல் வைத்து எடுப்பார்கள். நம் மாதிரி அதற்கு ஈடில்லை. ஆனால் தீர்ப்பாயத்தைச் சாட்சியச் சட்ட விதிகள் கட்டுப்படுத்தாது, அதனால் விசாரணையைத் தொடங்க வைக்க இது போதும்.

படி 5: மனு

மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு வையுங்கள். இழப்பீடு கேட்காவிட்டால் கட்டணம் 1000 ரூபாய். கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1000. தொகையை உணர்ச்சிவசப்பட்டு ஏற்றாதீர்கள்.

என் முதல் வரைவில் பாதிப் பக்கம் குத்தகை விதிமீறல்தான். அது வீண். குத்தகைக்கான சுரங்கம், கனிமங்கள் சட்டம், தீர்ப்பாயச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில், இல்லை. ஓடையிலோ கிணற்றிலோ மாசு கலப்பதைத் தடுக்கும் தண்ணீர்ச் சட்டத்தின் 24ஆவது பிரிவையும் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும் பிடித்துத்தான் எழுத வேண்டும்.

பின்சேர்க்கை: "எங்கள் ஊரில் நாலு குவாரி, யாருடைய தண்ணீர் என்று எப்படிச் சொல்வது?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நாலு பேரையும் எதிர்மனுதாரராகப் போடுங்கள். ஒருவர் மேல் மட்டும் சுமத்த முடியாதபோது பொறுப்பைப் பங்கிட 17(2) பிரிவு வழி தருகிறது.

இன்னொன்று: தீர்ப்பாயம் பெரும்பாலும் இடத்தைப் பார்க்க, பல துறை அதிகாரிகள் சேர்ந்த கூட்டுக் குழுவை அனுப்பும். கோடையில் வந்தால் அவர்கள் பார்ப்பது காய்ந்த ஓடையைத்தான். பலத்த மழை பெய்த மறுநாள் ஆய்வு நடக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். நான் கேட்க மறந்தேன். குழு வந்தது ஏப்ரலில்.