பாவித்த ஸ்கீ வாங்கும்போது: நீளமும் பைண்டிங்கும்

சுவிஸில் இலையுதிர்காலம் வந்தால் ஊருக்கு ஊர் ஸ்கிபோர்சே, அதாவது பாவித்த ஸ்கீச் சந்தை, நடக்கும். பிள்ளைக்கு ஸ்கீலாகர் (ஸ்கீ முகாம்) என்று பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்த வீட்டுக்காரர் அங்கே போய், கண்ணுக்குப் பிடித்த ஸ்கீயைத்தான் முதலில் தூக்குவார்கள். அந்த வரிசையை மாற்ற வேண்டும். முதலில் சப்பாத்து, அதற்குப் பிறகு ஸ்கீ, அந்த ஸ்கீயில் உள்ள பைண்டிங் அந்தச் சப்பாத்தைப் பிடிக்குமா என்று பார்ப்பது கடைசி. பைண்டிங் என்பது சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டி வைத்து, விழும்போது கழரவிடும் பிடி. காசு குறைவாக இருந்தால் ஸ்கீயில் மிச்சம் பிடியுங்கள். சப்பாத்தின் அளவிலும், பைண்டிங்கைக் கடையில் சரிசெய்யும் கூலியிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். அந்த இரண்டில் பிழைவிட்டால் கால் முறியலாம். இங்கே சொல்வது மலைச்சரிவில் இறங்கும் ஸ்கீ பற்றி. சமதரையில் ஓடும் லாங்லாவ்ஃப் முற்றிலும் வேறு பொருள்.

சப்பாத்தின் எண் பாதத்தின் நீளம், சென்ரிமீற்றரில். 25.5 என்றால் 25.5 செ.மீ. பாதம். உள்ளே இருக்கும் மெத்தைச் சப்பாத்தை வெளியே எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விடுங்கள். விரல்நுனி முன்சுவரைத் தொடும்போது குதிக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. இடைவெளி இருந்தால் அளவு சரி. மூன்று செ.மீ. இருந்தால் கால் உள்ளே ஆடும், எந்த ஸ்கீயையும் திருப்ப முடியாது. பத்து வருடத்துக்கு மேல் பழைய சப்பாத்து புதிது போல மினுங்கினாலும் வேண்டாம். அந்த பிளாஸ்டிக் உள்ளுக்குள் பழுதாகி, குளிரில் ஒருநாள் மலையிலேயே வெடிக்கலாம்.

வாங்கியதும் குதிப்பக்கம் பொறித்திருக்கும் மூன்றிலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 295 மி.மீ. என்பது போல இருக்கும். அது அடி நீளம். பைண்டிங்குக்கு வேண்டியது இந்த எண்தான், 25.5 அல்ல. ஒரே 25.5 அளவில் இரண்டு கம்பனிச் சப்பாத்துக்கு அடி நீளம் வேறுவேறாக இருக்கும்.

நீளம்

பழைய கணக்கு ஒன்று உண்டு: ஸ்கீயை நிமிர்த்தி நிறுத்தினால் நுனி, பழகுபவருக்கு நாடி வரை, ஓரளவு தெரிந்தவருக்கு மூக்கு வரை, வேகமாகப் போகிறவருக்கு நெற்றி வரை. தொடங்குவதற்கு இது போதும். ஆனால் ஸ்கீக்கு உங்கள் உயரம் தெரியாது, எடைதான் தெரியும். நடுவளைவை அழுத்தி விளிம்பைப் பனியில் கடிக்க வைப்பது எடை. அதனால் உயரத்துக்கு எடை கூடினவர் 5 செ.மீ. கூட்டியும், மெலிந்தவர் 5 செ.மீ. குறைத்தும் எடுக்க வேண்டும். 170 செ.மீ. உயரம், 72 கிலோ உள்ள ஒருவர் புதிதாகப் பழகினால் 150 முதல் 155 வரை. இரண்டு மூன்று பருவம் ஓடினவர் 160 அளவில். நுனி மேல்நோக்கி நன்றாக வளைந்த ரொக்கர் ஸ்கீயில் பனியைத் தொடும் பகுதி குறைவு, அதனால் அதில் 5 செ.மீ. கூடினாலும் பாரமில்லை.

ஸ்கீயின் மேல் 122/76/104, R 13 என்பது போல அச்சிட்டிருக்கும். நடு எண் இடையின் அகலம், மி.மீ. அளவில். சீராக்கிய பாதையில் மட்டும் ஓடுபவருக்கு 70 முதல் 80 வரை போதும். 95, 100 எல்லாம் புதுப்பனிக்கு. R என்பது திரும்பும் வட்டத்தின் ஆரம், மீற்றரில். பழகுபவர் 11 முதல் 14 வரை எடுக்கலாம். பந்தயத்துக்குச் செய்த ஸ்கீ போர்சேயில் மலிவாகக் கிடக்கும். அதன் விறைப்பு பழகாதவரைத் தூக்கி எறியும் என்பதால்தான் அந்த விலை.

எங்கள் வீடுகளில் அதிகம் நடக்கும் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். ‘வளருவான்தானே, இரண்டு வருடம் பாவிக்கலாம்’ என்று பிள்ளைக்கு 15 செ.மீ. நீளமாக எடுப்பது. உடுப்பில் அது சரி. ஸ்கீயில் என்ன நடக்குமென்றால், நுனிகளைச் சேர்த்து, பின்பகுதிகளைப் பீட்சாத் துண்டு போல விரித்து நிறுத்த அந்த நீளத்தைப் பிள்ளையால் தள்ள முடியாது. பயத்தில் பின்னுக்கு இருப்பான். பின்னுக்கு இருந்தால் ஸ்கீயின் முன்பகுதியில் எடை விழாது, திரும்பாது, நேரே போகும். ஒரு கிழமை லாகர் முழுக்க விழுந்து எழும்பி, அடுத்த வருடம் போகமாட்டேன் என்பான். பழகும் பிள்ளைக்கு நெஞ்சுக்கும் நாடிக்கும் இடையில், நன்றாக ஓடும் பிள்ளைக்கு மூக்கு வரை. வளரும் பிள்ளைக்கு விளையாட்டுக் கடைகளில் பருவ வாடகை எடுப்பதுதான் பெரும்பாலும் வாங்குவதைவிட மலிவு. பைண்டிங்கையும் அவர்களே சரிசெய்து தருவார்கள். வளர்ச்சி நின்ற பெரியவர்களுக்குத்தான் வாங்குவது லாபம்.

பழையதைக் கையில் எடுத்துப் பார்ப்பது

இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிய வேண்டும், கையால் நெருக்கினால் மூடி, விட்டால் திரும்ப வர வேண்டும். முழு ரொக்கர் ஸ்கீ தவிர மற்றதில் இடைவெளியே இல்லையென்றால் அந்த ஸ்கீ களைத்துவிட்டது. இரும்பு விளிம்பைப் பாருங்கள்: புதிதில் சுமார் 2 மி.மீ. இருக்கும், தீட்டித் தீட்டி 1 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் இனித் தீட்ட இடமில்லை. மேலோட்டத் துரு பரவாயில்லை, துடைத்தால் போகும். விளிம்பு வெளியே பிதுங்கியிருந்தால், நுனியில் அடுக்குகள் வாய்பிளந்திருந்தால், அடிப்பரப்பில் உள்மரம் தெரியும் குழி இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மேற்பரப்பில் கீறலும் சிதைவும் வெறும் அழகுக் குறை. அதைக் காட்டி விலை குறைக்கலாம்.

மார்ச், ஏப்ரலில் வாடகைக் கடைகள் தங்கள் பழைய ஸ்கீகளை விற்பார்கள். அவற்றின் பைண்டிங் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும், திருகாணி கழற்றாமலே பல அடி நீளங்களுக்குப் பொருத்தலாம். கொஞ்சம் பாரம்தான். ஆனாலும் குறைந்த காசில் வாங்குபவருக்கு இதைவிட நல்லது இல்லை. துளையிட்டுப் பூட்டிய பைண்டிங் உள்ள ஸ்கீயில் உங்கள் சப்பாத்து பொருந்தாவிட்டால் புதிதாகத் துளைக்க வேண்டும். பழைய துளைக்குப் பக்கத்தில் போட்டால் திருகாணி பிடிக்காது, துளைகள் நடுவுக்கு நடு ஒரு சென்ரிமீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். உள்ளே உலோகத் தகடு உள்ள ஸ்கீக்கு 4.1 மி.மீ. துளையாணி, தகடு இல்லாததற்கு 3.5 அல்லது 3.6, ஆழம் 9 மி.மீ. அரை மி.மீ. பிசகினாலும் திருகாணி வழுகும் அல்லது ஸ்கீ பிளக்கும்.

பைண்டிங்

முதலில் சப்பாத்து அடியின் வகை. சாதாரண அல்பைன் அடி தட்டையான கடின பிளாஸ்டிக். நடப்பதற்குச் சுலபமாகச் செய்த கிரிப்வோக் அடி றப்பர், கொஞ்சம் வளைந்தது. பிள்ளைகளின் சிறிய சப்பாத்து அடி இவற்றிலும் ஒடுக்கம்: பெரியவரின் முன்விளிம்பு சுமார் 69 மி.மீ. அகலம், பிள்ளையின் சிறிய அடி சுமார் 62. பெரியவருக்கென்றே செய்த பைண்டிங் அந்தச் சிறிய அடியைச் சரியாகப் பிடிக்காது. பழைய அல்பைன் பைண்டிங்கில் கிரிப்வோக் சப்பாத்தைக் கொளுவினால் ‘கிளிக்’ சத்தம் கேட்கும், பூட்டினது போலவே இருக்கும், விழும்போது மட்டும் சரியாகக் கழராமல் போகலாம். பைண்டிங்கில் கிரிப்வோக் அடையாளம் இல்லையென்றால் அந்தச் சோடி வேண்டாம். மறுபக்கம் பிரச்சினையில்லை: கிரிப்வோக் பைண்டிங் சாதாரண அடியையும் ஏற்கும்.

அடுத்தது டின் எண். எவ்வளவு விசையில் பைண்டிங் கழரும் என்பதற்கு, அதன் முன்னும் பின்னும் சிறு கண்ணாடியில் தெரியும் அளவுகோல் அது. ஜெர்மன் மொழியில் செட்-வேர்ட் என்பார்கள். பெரியவர் பைண்டிங் ஒன்று 3 முதல் 10 வரை இருக்கும், சிறுவர் பைண்டிங் 0.75 முதல் 4.5 வரை. உங்களுக்கு வேண்டிய எண் அந்த அளவுகோலின் ஓரத்தில் விழாமல் உள்ளே விழ வேண்டும். 25 கிலோ பிள்ளைக்கு வேண்டியது 2-க்கும் கீழே. 3-இல் தொடங்கும் பைண்டிங்கை எவ்வளவு இளக்கினாலும் அந்தப் பிள்ளைக்கு அது இறுக்கம்தான். மலிவென்று பெரிய பைண்டிங் வாங்குபவர்கள் இங்கேதான் பிழைவிடுகிறார்கள்.

இந்த எண் ஐந்து விடயத்தில் இருந்து வருகிறது: எடை, உயரம், வயது, அடி நீளம், ஓடும் விதம். கடைக்காரர் பார்க்கும் அட்டவணையில் எடைக்கு ஒரு வரிசை, உயரத்துக்கு ஒரு வரிசை. இரண்டில் குறைந்த எண் தரும் வரிசையையே எடுப்பார்கள். அடி நீளம் கூடக்கூட எண் குறையும், நீண்ட அடி நீண்ட நெம்புகோல் என்பதால். மெதுவாக ஓடுபவர் அதே வரிசையில் நிற்பார், வேகமானவர்களுக்கு எண் கூடும். 50 வயதைத் தொட்டவருக்கும் 9 வயது வரையுள்ள பிள்ளைக்கும் குறையும். கடையில் எடையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். வெட்கத்தில் 10 கிலோ குறைத்தால் நடுச்சரிவில் காரணமில்லாமல் கழரும். வீரம் காட்டிக் கூட்டினால் முழங்கால் சவ்வுதான் கழரும்.

கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் தரையில் பிடிக்கும் இரண்டு கம்பிகள், அதாவது ஸ்டொப்பர், ஸ்கீயின் இடை அகலத்தைவிட ஒடுக்கமாக இருக்கக்கூடாது, 15 மி.மீ.க்கு மேல் அகலமாகவும் இருக்கக்கூடாது. ஒடுங்கினால் கீழே இறங்காது, அகன்றால் மற்றக் காலின் ஸ்டொப்பரில் மாட்டும். முன்பிடிக்குக் கீழே சப்பாத்தின் முனை வந்து நிற்கும் வழுக்குத் தகடைப் பெருவிரலால் தடவுங்கள். உடைந்தோ, மணல் பிடித்தோ இருந்தால் சப்பாத்து பக்கவாட்டில் வழுகிக் கழராது. குதிப்பிடியில் வெடிப்பு இருந்தாலும் வேண்டாம். மிகப் பழைய மாதிரிகளைக் கம்பனிகள் தங்கள் பட்டியலில் இருந்து நீக்கிவிடும், நீக்கியதைக் கடைக்காரர் தொடவே மறுக்கலாம். ஆகவே காசு கொடுக்குமுன் மாதிரிப் பெயரைப் படமெடுத்து ஒரு கடையில் கேளுங்கள்.

கடையில் செய்வது இரண்டு வேலை. குதிப்பிடியை நகர்த்தி, சப்பாத்தை முன்னுக்கு அழுத்தும் விசையைச் சரியாக வைப்பது ஒன்று. பின்னாலுள்ள குறி இரண்டு கோடுகளுக்கு நடுவிலோ, சில வகைகளில் திருகாணித் தலை கூட்டோடு சமமாகவோ நிற்கும். அது பிழைத்தால் டின் எண் எதுவாக இருந்தாலும் பொய். மற்றது, எண்ணை வைத்துவிட்டு இயந்திரத்தில் உண்மையில் எந்த விசையில் கழருகிறது என்று அளப்பது. பழைய வில்லுச்சுருள் அளவுகோல் காட்டும் விசையில் கழராமல் போகலாம், அதனால் இயந்திரச் சோதனை இல்லாமல் வெறும் திருப்புளியால் திருகித் தரும் கடை வேண்டாம். சுவிஸ் விபத்துத் தடுப்பு நிலையமான பிஎஃப்யு வருடம் ஒருமுறை இப்படிச் சோதிக்கச் சொல்கிறது, சோதித்த கடைகள் அதன் ஸ்கீ வின்யெட் என்ற ஒட்டுச்சீட்டை ஸ்கீயில் ஒட்டித் தரும். இரண்டு சப்பாத்தையும் கையோடு கொண்டுபோங்கள், ஸ்கீயை மட்டும் கொடுத்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அக்காவின் ஸ்கீயைத் தம்பிக்குக் கொடுக்கும்போதும், அதே பிள்ளை ஒரு வருடத்தில் ஐந்து கிலோ கூடி நிற்கும்போதும், முதல் நாள் மலை ஏறுமுன் இந்தச் சோதனை திரும்ப நடக்க வேண்டும்.