கருமருந்தை அடித்தால் வெடிக்குமா?

சின்ன வயதில் பொட்டு வெடியைக் கல்லால் நசுக்கி வெடித்தவர்களுக்கு, எல்லா வெடிமருந்தும் அப்படித்தான் என்று ஓர் எண்ணம் தங்கிவிடும். முதல் தவறு அது. பொட்டு வெடியில் இருப்பது குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும். அதற்கு லேசான உரசலே போதும். வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கருமருந்து வேறு ஜாதி. சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடு கிடைத்தால்தான் பற்றும். சாதாரண அடிக்கு மசியாது. அடித்தாலே பற்றுமென்றால் பழைய துப்பாக்கிகளுக்குத் திரியும் சக்கிமுக்கிக் கல்லும் எதற்கு? 1807-இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் அடித்துச் சுடும் முறைக்குக் காப்புரிமை வாங்கியபோதுகூட, அடி வாங்கியது ஃபல்மினேட் போல அடிபட்டாலே வெடிக்கும் வேறு மருந்துதான். அதன் நெருப்பில் கருமருந்து பற்றிக்கொண்டது.

சரி, அப்படியானால் பயமில்லை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. இரண்டு இரும்புக்கு நடுவே மருந்து பலமாக நசுங்கினாலோ, உள்ளே ஒரு மணல் துகள் கிடந்தாலோ, அந்த ஒரு புள்ளியில் சூடு ஏறிவிடும். இரும்போடு இரும்பு மோதிப் பொறி பறந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802-இல் தொடங்கிய டூபான்ட் கருமருந்து ஆலையில், மருந்து அரைக்கும் கட்டடங்களுக்கு மூன்று பக்கம் கனத்த கல்சுவர். ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் லேசான அடைப்பு. வெடித்தால் வேகம் ஆற்றுப் பக்கம் போகட்டும் என்று. அங்கே வெடித்துச் செத்தவரை 'ஆற்றைக் கடந்துவிட்டார்' என்பார்கள். சுத்தியலால் பத்து முறை அடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்று வீடியோ போடுகிறவர்களுக்கு அந்தச் சுவர்களைக் காட்ட வேண்டும்.

பெயரை வைத்து ஏமாறுவது அடுத்தது. கறுப்பாக இருப்பதெல்லாம் கருமருந்து இல்லை. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் சிறு உராய்வுக்கே வெடிக்கும். இந்தியாவில் பட்டாசுகளில் அந்தச் சேர்க்கைக்கு 1992-லேயே தடை. சிவகாசிப் பக்கம் விபத்துச் செய்திகளில் 'உராய்வு' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதே, அங்கே பெரும்பாலும் பேச்சு கருமருந்தைப் பற்றி மட்டும் அல்ல.

நனைந்த மருந்து செத்துவிட்டது என்றும் நம்ப வேண்டாம். காய்ந்தால் மறுபடி எரியக்கூடும். பழைய மருந்தும் அப்படித்தான்: கருமருந்து அடைத்த அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் 2008-இல் வர்ஜீனியாவில் அது வெடித்து இறந்தார். குண்டுக்கு வயது 140-க்கு மேல். மண்ணில் அப்படி ஏதாவது கிடைத்தால் தட்டவோ சுரண்டவோ துளையிடவோ கூடாது. விலகி நின்று போலீசைக் கூப்பிடுங்கள்.