உலாவி விளையாட்டுகளுக்குப் பின்னூட்டம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய உலாவி விளையாட்டுகளை ஆடிப் பார்த்துக் கருத்து எழுதப் புதிதாக வருகிறவர்கள், நானும் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்துவருவதைப் பார்க்கிறேன். அவமதிக்கும் சொற்கள் கூடாது, 'அருமை' என்ற ஒற்றைச் சொல்லால் உருவாக்குநருக்குப் பயனில்லை என்பவற்றை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கறையோடும் நேரம் செலவிட்டும் எழுதப்படும் பின்னூட்டங்களில் காணப்படும் தவறுகளே இங்கே பேசுபொருள்.

நோயைச் சொல்லாமல் மருந்தைச் சொல்வது

'எதிரிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்', 'குதிக்கும் உயரத்தைக் கூட்டுங்கள்' என்று எழுதுகிறவர், தாம் தீர்வையே கொடுத்துவிட்டதாக நினைக்கிறார். ஆடும்போது அவருக்கு என்ன நேர்ந்தது என்பது அந்த வரியில் எங்கும் இல்லை. ஆடியவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி அதுதான். தீர்வை உருவாக்குநரும் யோசித்துக்கொள்வார்.

நண்பர் ஒருவர், மேலிருந்து விழும் கற்களில் அடிபடாமல் ஓடித் தப்பிக்கும் விளையாட்டு ஒன்றை உருவாக்கியிருந்தார். சோதித்துப் பார்த்த ஒருவர், கற்களின் வேகத்தைப் பாதியாக்கினால்தான் ஆட முடியும் என்று உறுதியாக எழுதினார். அவர் நிறைய விளையாட்டுகளை ஆடிப் பழகியவர் என்பதால் நண்பரும் மறுபேச்சின்றிக் குறைத்துவிட்டார். அதன்பின் வந்த கருத்துகள் அனைத்தும், கற்கள் விழுவதற்குள் சலிப்புத் தட்டிவிடுகிறது என்றே சொல்லின. வேகத்தை மீண்டும் கூட்டினால் முதலாமவர் ஆட முடியாது என்று எண்ணிய நண்பர், கற்களின் எண்ணிக்கையைக் கூட்டினார், அளவைப் பெரிதாக்கினார், மதிப்பெண் கணக்கையும் மாற்றினார்; வாரக்கணக்கில் நடந்த இந்தத் திருத்தங்களின் முடிவில் விளையாட்டின் சமநிலை முழுவதும் குலைந்துபோயிற்று.

காரணம் பிறகுதான் தெரியவந்தது. திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் கல் குறிப்பிட்ட தொலைவு கீழே இறங்குமாறு நிரல் எழுதப்பட்டிருந்தது. பெரும்பாலோரின் திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. அந்தச் சோதனையாளரின் திரையோ 144 ஹெர்ட்ஸ். எனவே அவருக்கு மட்டும் கற்கள் 2.4 மடங்கு வேகத்தில் விழுந்தன. புதுப்பிப்பின் எண்ணிக்கையைக் கொண்டு நகர்த்தாமல், கடந்த நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டால் எல்லாத் திரைகளிலும் வேகம் ஒன்றாகிவிடும்; அதற்குச் சில வரிகளை மாற்றினால் போதும். நிரலில் இருந்த பிழை நண்பருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் 'கல் தரையைத் தொட அரை நொடிகூட ஆகவில்லை, என் திரை 144 ஹெர்ட்ஸ்' என்று அவர் எழுதியிருந்தால் அன்றைக்கே பிழை பிடிபட்டிருக்கும். இதில் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது வேறொன்று: வேகம் பாதியானதும் அவருடைய திரையில் 2.4 மடங்கு 1.2 மடங்காகி, உரிய வேகத்துக்கு நெருக்கமாக வந்துவிட்டது. எனவே தம் யோசனையால் விளையாட்டு மேம்பட்டது என்று மகிழ்ந்து, நன்றியும் எழுதியிருந்தார்.

குதிக்கும் உயரத்தைக் கூட்டச் சொல்லும் கருத்தையும் இவ்வாறே பிரித்துப் பாருங்கள். 'மூன்றாம் நிலையில், பள்ளத்தின் விளிம்பு வரை ஓடி இடைவெளி விசையை அழுத்தினேன். கதாபாத்திரம் எழும்பாமலே விழுந்துவிட்டது. பலமுறை இப்படி ஆயிற்று' என்று எழுதினால், உருவாக்குநர் பல வழிகளில் தேட முடியும். விளிம்பைக் கடந்தபின் மிகச் சிறிது நேரம் வரை குதிக்க அனுமதிக்கும் சலுகை பல மேடைத் தாவல் விளையாட்டுகளில் உண்டு. அது இங்கே விடுபட்டிருக்கலாம். சில விசைப்பலகைகள் மூன்று விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒன்றை உணராமல் விட்டுவிடும். சிக்கல் அங்கேயும் இருக்கலாம். இவற்றில் எதுவாக இருந்தாலும் உயரத்தைக் கூட்டுவதால் குறை தீராது.

என்ன செய்ய முயன்றீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, எந்தக் கருவியில், எந்த உலாவியில் என்பவற்றை முதலில் எழுதுங்கள். யோசனை இருந்தால் அதன்பின் தனியே சொல்லலாம். யோசனை சொல்வதே குற்றம் என்று நான் கருதவில்லை.

உலாவியின் இயல்பை விளையாட்டின் குறையாக எழுதுவது

'தொடக்கத்தில் இசை ஒலிக்கவில்லை' என்பது அடிக்கடி வரும் புகார். பக்கத்தில் எங்கேனும் சொடுக்கும் வரை ஒலியைத் தடுத்துவைப்பதைக் குரோம் 2018 முதல் நடைமுறைப்படுத்திவருகிறது. பிற உலாவிகளிலும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. உலாவியின் வேறு தாவலுக்குப் (tab) போய்த் திரும்பினால் ஆட்டம் நின்றிருப்பதும், மறைநிலைச் சாளரத்தை (incognito) மூடியதும் சேமித்த மதிப்பெண் அழிந்துபோவதும் உலாவியின் செயல்களே. பக்கத்தினுள் ஒரு சட்டத்தில் (frame) பதிக்கப்பட்ட விளையாட்டில், அந்தச் சட்டத்தை ஒருமுறை சொடுக்கும் வரை விசைகள் வேலை செய்யாமல் இருக்கலாம்.

இவற்றை எழுதவே கூடாது என்று பொருளில்லை. ஒலி எந்தக் கணத்தில் வந்தது, முன்பு எங்கே சொடுக்கினீர்கள் என்று எழுதினால், 'தொடங்கு' பொத்தான் ஒன்றை முன்னால் வைத்து உருவாக்குநர் இதைச் சரிசெய்துவிடுவார். 'ஒலி வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால், கெடாத ஒலிக்கோப்பைச் சோதித்துக்கொண்டிருப்பார். அம்புக்குறி விசையை அழுத்தும்போது பக்கமும் சேர்ந்து நகர்வது மட்டும் இதற்கு விலக்கு. அதைத் தடுப்பது உருவாக்குநரின் பொறுப்பு, தயங்காமல் சொல்லுங்கள்.

முதல் ஆட்டத்தை வீணாக்குவது

விதிகள் எதுவும் தெரியாத நிலையில் ஒரு விளையாட்டை ஒருமுறைதான் ஆட முடியும். உருவாக்குநரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு ஆடத் தொடங்குகிறவர் அந்த வாய்ப்பை இழந்துவிடுகிறார். எந்தப் பொத்தானைத் தேடினீர்கள், எதைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்பதை ஆடும்போதே குறித்துவையுங்கள். பத்து முறை ஆடியபின் 'எளிதில் புரிகிறது' என்று எழுதப்படும் கருத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வேறொரு விளையாட்டைக் கேட்பது

2021-இல் பொதுமக்களின் பார்வைக்கு வந்த 'வேர்டில்' (Wordle) என்ற சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு, நாளுக்கு ஒரே புதிரைத்தான் தந்தது. எத்தனை வேண்டுமானாலும் ஆட விட வேண்டும் என்று கேட்பது இயல்பான ஆசைதான். ஆனால் எல்லோரும் ஒரே நாளில் ஒரே சொல்லைத் தேடுவதில் இருந்த சுவை அந்தக் கட்டுப்பாட்டால் வந்தது. ஐந்து நிமிட இடைவேளையில் ஆடி முடிப்பதற்காக உருவாக்கப்பட்ட விளையாட்டுக்குக் கதை, ஆயுதக்கடை, நூறு நிலைகள் ஆகியவற்றைப் பரிந்துரைக்குமுன், அது எந்த அளவுக்குள் நிற்க விரும்புகிறது என்று பாருங்கள்.

பட்டியலை நீட்டுவது

இருபது குறைகளில் எது உங்களை ஆட்டத்தை மூட வைத்ததோ அதை முதலில் எழுதுங்கள்.

பழைய பதிப்பைக் குறைகூறுவது

உலாவி தன் தற்காலிகச் சேமிப்பில் (cache) வைத்திருக்கும் பழைய பதிப்பையே காட்டக்கூடும். எழுதுமுன், அந்தச் சேமிப்பை நீக்கிவிட்டுப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள்.

திருத்தியதைத் திரும்பிப் பார்க்காமல் விடுவது

குறையைச் சொன்னவரே திருத்தத்தையும் சோதிக்க வேண்டும். அதுவும் முன்பு ஆடிய அதே கருவியில், அதே உலாவியில். கைப்பேசியில் கண்ட குறையை மடிக்கணினியில் சோதித்து 'இப்போது சரியாகிவிட்டது' என்று எழுதுகிறவரை நம்பி, உருவாக்குநர் அந்தப் பிழையைத் தீர்ந்த கணக்கில் சேர்த்துவிடுவார். கைப்பேசியில் ஆடுகிறவர்களுக்கோ அது அப்படியே இருக்கும்.